கவுன்சிலிடம் ஒரு சம்பளம் கேட்பது

லண்டன் பரோ (தனிக் கவுன்சில் நடத்தும் உள்ளாட்சிப் பகுதி) ஒன்றில் தமிழர்களுக்கு மனநல ஆதரவு கொடுக்கும் சிறிய சாரிட்டி ஒன்றின் நிர்வாகக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவது, கணக்குக் காட்டுவது, கவுன்சில் கூட்டங்களுக்குப் போவது எல்லாம் என் பங்கு. வேறு பரோக்களில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் அழைத்து, "கவுன்சிலில் எப்படிக் காசு எடுத்தீர்கள்?" என்று கேட்பதுண்டு. தொலைபேசியில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒரு ஆளின் சம்பளத்தைக் கேளுங்கள். தமிழ் பேசுகிற, பயிற்சி பெற்ற, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இதையே வேலையாகச் செய்கிற ஒரு ஆள். பொங்கல் விழாவுக்கும் யோகா நாளுக்கும் விழிப்புணர்வுக் கருத்தரங்குக்கும் கவுன்சில் சிறு தொகை கொடுத்துவிடும். படம் எடுப்பார்கள், கவுன்சிலர் வந்து பேசுவார். அடுத்த திங்கட்கிழமை ஒரு அம்மா நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பார். அவரை அழைத்துக் கதைக்க ஒரு ஆள் இருக்கமாட்டார்.

எங்களிடம் வருபவர்கள் யார் என்று சொன்னால்தான் இது விளங்கும். 1983 கலவரத்துக்குப் பிறகு இளைஞர்களாக வந்து, பெற்றோல் நிலையத்திலும் கடைகளிலும் இரவு பகலாக உழைத்து, இப்போது ஓய்வுபெற்ற ஆண்கள். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட பெற்றோர். கணவரை இழந்தபின் மகன் வீட்டு மேல்மாடி அறையில் தனியாக இருக்கும் பெண்கள். 2009க்குப் பிறகு வந்த இளைஞர்கள், அவர்களில் தடுப்பில் சித்திரவதைப்பட்டவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைக் கைப்பையில் வைத்திருக்கும் தாய்மார். அண்மைக் காலமாகச் சென்னை, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களில் பிள்ளை பிறந்தபின் மனம் உடைந்துபோன இளம் தாய்மாரும் வருகிறார்கள்.

இவர்களில் பலர் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போகாமல் இல்லை. போகிறார்கள், தலையிடி என்பார்கள், நெஞ்சு அடைக்கிறது, கை கால் விறைக்கிறது என்பார்கள். மொழிபெயர்க்கப் பக்கத்தில் பேரப்பிள்ளை இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் ஒரு அம்மம்மா என்ன சொல்ல முடியும்? பத்து நிமிடம் முடிந்ததும் பரசிட்டமோல் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

பொதுச் சேவை இருக்கிறது. 2008இல் இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டம் 2023 முதல் 'டோக்கிங் தெரபீஸ்' என்ற பெயரில் நடக்கிறது. ஜிபி இல்லாமல் நாமே பதியலாம். நல்ல திட்டம், எங்கள் ஆட்களையும் அதில் பதிகிறோம். ஆனால் முதல் அழைப்பு பெரும்பாலும் தொலைபேசியில், ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் வேறொரு நாள் ஒதுக்குவார்கள். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி, பதற்றத்தை அளக்க ஏழு. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியை முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் குரல் தொலைபேசியில் கேட்கும்போது, கேட்பவர் எந்த ஊர், யாருடைய சொந்தம், நாளைக்குக் கோயிலில் பார்ப்போமா என்றெல்லாம் ஓடும். "அப்படி ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். புள்ளி குறையும், கோப்பு மூடப்படும்.

எங்கள் குழு தொண்டர்களோடுதான் தொடங்கியது. தேநீர், தையல், கொஞ்சம் உடற்பயிற்சி, ஓய்வுபெற்ற தாதி ஒருவர். அந்த அக்காவின் உழைப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்குள் அடி, விசா மறுப்புக் கடிதம், சாக நினைக்கிறேன் என்ற சொல் என்று வரத் தொடங்கியதும் தொண்டர்களால் தாங்க முடியவில்லை. அது அவர்கள் குறையல்ல. இப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்கிறவருக்குப் பயிற்சி வேண்டும், மாதாமாதம் அனுபவமுள்ள மனநலப் பணியாளர் ஒருவரோடு இருந்து கதைக்கும் மேற்பார்வை வேண்டும், லீவு வேண்டும், சம்பளம் வேண்டும்.

பணியாளர் வந்தபின் நடந்த மாற்றம் பெரிது. இரண்டு கிழமை வராதவரை அவர் அழைப்பார். ஜிபியிடம் கூடப் போவார். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம். குடியிருப்புப் பிரச்சினைக்குக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவார். பேச்சு சிகிச்சைக்குப் பதிந்து, முதல் அழைப்பு வரும்போது பக்கத்தில் இருப்பார். நீண்டநாள் வந்து தையல் மட்டும் செய்துவிட்டுப் போன ஒரு அம்மா, ஒருநாள் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முடித்தபின், "இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேட்கேல்லை, பிள்ளை" என்றார். கேட்பதற்கு அங்கே ஒரு ஆள் வாராவாரம் இருந்ததால் வந்த பேச்சு அது.

இந்த முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்தபோதே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் ஊர்மட்டப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைத்தது, ஆற்றுவதும் அந்த மட்டத்தில் நடக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். கவுன்சில் அதிகாரிகளிடம் இதை நான் எப்போதும் சொல்வேன். எங்கள் வேலைக்குப் பின்னால் ஒரு மருத்துவ மரபு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் கேட்கும் விதமே மாறுகிறது.

சரி, காசு எங்கே இருக்கிறது?

2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு தேசிய சுகாதாரச் சேவையிலிருந்து கவுன்சில்களின் கைக்கு வந்தது. அதற்கென்று மத்திய அரசு தனி மானியம் கொடுக்கிறது. மனநல மேம்பாடும் அதற்குள் வரும். இரண்டாவது வழி, முதியோர் மற்றும் சமூகப் பராமரிப்புப் பிரிவு. 2014 பராமரிப்புச் சட்டம், பராமரிப்புத் தேவை பெரிதாகாமல் முன்கூட்டியே தடுக்கும் கடமையைக் கவுன்சில் மேல் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் முடங்கிய ஒரு முதியவர் குழுவுக்கு வருவது அந்தக் கடமைக்குள் அடங்கும். இந்த இரண்டு பிரிவிலும்தான் பல வருட ஒப்பந்தம் கிடைக்கும், சம்பளம் கொடுக்கலாம். தேசிய சுகாதாரச் சேவையின் காசைப் பகுதிவாரியாகப் பங்கிட 2022 ஜூலையில் வந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடமும் சுகாதாரக் காசு உண்டு. அந்தக் காசு தேவையென்றாலும் பரோ மட்டத்தில் கவுன்சிலும் வாரியமும் சேர்ந்து நடத்தும் கூட்டங்களில் இருந்தே தொடங்குங்கள், வாரியத்துக்கு நேரே எழுதி நாங்கள் பயன் கண்டதில்லை. கட்டட நிறுவனங்களிடம் கவுன்சில் அறவிடும் உட்கட்டமைப்பு வரியில் ஒரு பகுதி, குறைந்தது 15 வீதம், அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே செலவாக வேண்டும். பல பரோக்கள் அதைச் சமூகக் குழுக்களுக்கு மானியமாகக் கொடுக்கின்றன. மண்டபத்துக்குக் கதவு, சூடாக்கி, கணினி போன்ற ஒருதடவைச் செலவுக்கு அது நல்லது. சம்பளத்துக்கு அதை நம்பவேண்டாம்.

விண்ணப்ப அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். கவுன்சிலின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவுசெலவு பெப்ரவரி, மார்ச்சில் முழுக் கவுன்சிலில் நிறைவேறும். ஆனால் எதை வெட்டுவது, எதை வைப்பது என்ற பேச்சு இலையுதிர் காலத்திலேயே நடந்துவிடும். ஆகவே நிதி ஒதுக்கும் அதிகாரியைச் சந்திக்கவேண்டியது கோடையில். அந்தச் சந்திப்பில் காசு கேட்கவேண்டாம். பரோ மக்களின் சுகாதார, பராமரிப்புத் தேவைகளைச் சொல்லும் கூட்டுத் தேவை மதிப்பீட்டு அறிக்கையில் தமிழர் பற்றி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு பரோவும் அப்படியொரு அறிக்கை வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அதிகாரி தேடிப் பார்த்து, பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்பார். அங்கிருந்துதான் உரையாடல் தொடங்குகிறது.

ஏன் ஒன்றும் இல்லை? கணக்கெடுப்பின் இனப்பிரிவுக் கட்டங்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று இருக்கும். இலங்கைத் தமிழர் 'வேறு ஆசியப் பின்னணி' என்ற கட்டத்துக்குள் நேபாளியரோடும் ஆப்கானியரோடும் சேர்ந்துவிடுகிறார்கள். இந்தியத் தமிழர் 'இந்தியர்' கட்டத்துக்குள். கவுன்சில் அறிக்கைகள் எல்லாம் இந்தக் கட்டங்களை வைத்தே எழுதப்படுகின்றன. ஹரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன் போன்ற இடங்களில் தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை இருந்தும் தாளில் நாங்கள் இல்லை. இதற்கு மாற்று, முதன்மை மொழி அட்டவணை. 2011, 2021 இரண்டு கணக்கெடுப்பிலும் தமிழ் அதில் தனி வரியாக இருக்கிறது. 2011இலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் ஒரு லட்சம் பேர் தமிழைத் தங்கள் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். உங்கள் பரோவின் எண்ணைத் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆங்கிலத்தைக் குறிப்பிட்ட தமிழ்க் குடும்பங்கள் அதில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் தகவலறியும் சட்டம். உங்கள் பகுதி மனநல சேவையிடம், கடந்த ஆண்டு பேச்சு சிகிச்சைக்கு வந்தவர்களில் தமிழ் மொழியென்று பதியப்பட்டவர்கள் எத்தனை, அவர்களில் சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். எங்களுக்கு வந்த பதிலில் பெரும்பாலானவர்களின் மொழிக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதையே விண்ணப்பத்தில் வைத்தோம். யாருக்குச் சேவை போய்ச் சேரவில்லை என்று அறிய வழியே இல்லாத ஒரு அமைப்பு, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறோம் என்று சொல்ல முடியாது.

இந்தப் 'பொது' என்ற வாதம் எல்லா இடத்திலும் வரும். "ஒரு சமூகத்துக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே, தனித்தனியாக வைத்தால் ஒற்றுமை குலையுமே" என்று நல்ல மனதுள்ள அதிகாரிகளே கேட்பார்கள். அதற்குப் பதில் லண்டனிலேயே, நீதிமன்றத்தில் இருக்கிறது. சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் 1979இல் தொடங்கிய அமைப்பு. ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களுக்குக் குடும்ப வன்முறை விடயத்தில் உதவுகிறது. ஈலிங் கவுன்சில் அதற்குக் கொடுத்த நிதிக்குப் பதிலாக, பரோ முழுவதற்குமான ஒரே பொதுச் சேவைக்குக் காசு கொடுக்கத் தீர்மானித்தது. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2008 ஜூலையில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது. ஆனாலும் நீதிபதி மோசஸ் தன் காரணங்களை எழுதிவைத்தார். சிறுபான்மையினருக்கென்று சிறப்புச் சேவை கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானதல்ல, அது சமத்துவத்தையும் ஒற்றுமையையும் வளர்ப்பது என்பது அதன் சாரம். தீர்மானம் எடுக்குமுன் அதன் பாதிப்பைக் கவுன்சில் முறையாக மதிப்பிட்டிருக்கவேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அந்தப் பெண்களுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இன்று 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அதே கடமையைச் சொல்கிறது: பாகுபாட்டை நீக்குவது, வாய்ப்புச் சமத்துவத்தை முன்னெடுப்பது, நல்லுறவை வளர்ப்பது. இதை முதல் கூட்டத்திலேயே மேசையில் தூக்கிப் போடவேண்டாம். நிதியைக் குறைக்கப்போகிறோம் என்ற பேச்சு வரும்போது, "இதற்கான சமத்துவப் பாதிப்பு மதிப்பீட்டைப் பார்க்கலாமா?" என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். ஒருமுறை எங்களுக்கு அந்த ஒரு மின்னஞ்சலே போதுமாக இருந்தது. மதிப்பீடு இன்னும் செய்யவில்லை என்று பதில் வந்தது, தீர்மானம் தள்ளிப்போனது, இடையில் பேச நேரம் கிடைத்தது.

வெளியே கேட்பதற்கு முன் உள்ளே சரிசெய்யவேண்டியவை இருக்கின்றன. தமிழ்க் குழு என்றால் எல்லாத் தமிழருக்கும் கதவு திறந்திருக்கவேண்டும். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வரத் தயங்குவார்கள். சாதியால் ஊரில் அவமானப்பட்டவர்கள் சில மண்டபங்களுக்குள் இன்றும் வரமாட்டார்கள். நாங்கள் கவுன்சில் நூலகத்தின் அறைக்கு மாறியபின்தான் இவர்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வாடகையை விண்ணப்பத்தில் தயங்காமல் போடுங்கள்.

இரகசியம் அதைவிட முக்கியம். எங்கள் சமூகம் சிறியது. ஒரு பெண் மனநலக் குழுவுக்குப் போகிறாள் என்ற செய்தி அவள் தங்கையின் கலியாணப் பேச்சைக் குழப்பும் என்ற பயம் வெறும் பயமல்ல. நிர்வாகக் குழுவில் இருக்கும் நாங்கள் யாரும், நான் உட்பட, வருபவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை. அது பணியாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் மட்டும். உயிருக்கு ஆபத்து என்று வந்தால் யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்று எழுதிவைத்திருக்கிறோம், அதை வருபவர்களுக்கும் முதல்நாளே தமிழில் வாசித்துச் சொல்கிறோம். விழாவுக்கு வரும் கவுன்சிலரோடு குழுவினரைப் படம் எடுப்பதில்லை. இதில் மனத்தாங்கல் வந்து விலகியவர்களும் உண்டு. ஆனாலும் இந்த விதியைத் தளர்த்தினால் குழு இருக்காது.

அளவீடு பற்றிச் சுருக்கமாக. கவுன்சில்கள் பொதுவாக வொரிக்-எடின்பரோ மனநல அளவுகோலைக் கேட்கும். பதினான்கு கேள்வி, சுருக்கமான வடிவில் ஏழு. எங்கள் முதியவர்கள் எல்லாவற்றுக்கும் "இருக்கிறேன், பரவாயில்லை" என்பார்கள். அதனால் அளவுகோலோடு சேர்த்து, நித்திரை எத்தனை மணி, கிழமையில் எத்தனை நாள் வெளியே போகிறீர்கள், தனியாக பஸ்ஸில் வர முடிகிறதா என்று கேட்டுக் குறிக்கிறோம். முதல் நாளில் கேட்கவேண்டாம். முதல் மாதம் பழகட்டும். இதை ஒப்பந்தம் எழுதும்போதே அதிகாரியிடம் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். நேரமும் ஒரு விடயம்: முதியோரின் இலவச பஸ் பாஸ் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். பத்தரைக்குத் தொடங்கினால் வருவார்கள்.

சம்பளக் கணக்கை முழுதாகப் போடுங்கள். சம்பளத்தோடு முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதி, ஓய்வூதியம், மேற்பார்வைக் கட்டணம், பயிற்சி, தொலைபேசி, பின்னணிச் சோதனை, காப்புறுதி, கணக்காளர் கட்டணம் எல்லாம் சேரவேண்டும். "நாங்கள் சின்னக் குழு, கொஞ்சம் தந்தால் போதும்" என்று எழுதும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. குறைத்துக் கேட்டால், மீதியை அந்தப் பணியாளர் தன் உடம்பால் கட்டுவார். அவர் பெரும்பாலும் ஒரு தமிழ்ப் பெண்ணாகவே இருப்பார்.

மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். ஒரு வருட மானியத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் பணியாளர் வேறு வேலை தேடத் தொடங்குவார், அதில் அவரைக் குறைசொல்ல முடியாது. இந்த நாடே இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. டேவிட் பென்னட் என்ற கறுப்பினத்தவர் 1998இல் நொரிச்சில் ஒரு மனநல மருத்துவ நிலையத்தில், ஊழியர்கள் அமுக்கிப் பிடித்த நிலையில் இறந்தார். அதன் விசாரணைக்குப் பின் 2005இல் அரசு ஒரு ஐந்தாண்டுத் திட்டம் கொண்டுவந்தது. சிறுபான்மைச் சமூகங்களுக்கும் மனநலச் சேவைக்கும் இடையில் நிற்க இங்கிலாந்து முழுவதும் 500 சமூக வளர்ச்சிப் பணியாளர்களை அமர்த்துவது அதன் இலக்கு. 2010இல் திட்டம் முடிந்தது, பல இடங்களில் அந்தப் பணிகளும் போயின. அவர்கள் சேர்த்த நம்பிக்கையை அடுத்த திட்டம் மறுபடி முதலிலிருந்து சேர்க்கவேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் நிறுத்த அறிவிப்புக் காலத்தையும் பாருங்கள். சமூக அமைப்புக்கான நிதியைக் குறைப்பதென்றால் குறைந்தது மூன்று மாத அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று 2011இல் அரசு கவுன்சில்களுக்குச் சட்டபூர்வ வழிகாட்டல் கொடுத்தது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் மூன்று மாதச் சம்பளத்தைச் சேமிப்பாக வையுங்கள். குழு நிற்கவேண்டி வந்தாலும், வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரையும் வேறு இடத்தில் கைபிடித்துச் சேர்த்துவிட அந்த நேரம் வேண்டும்.

இன்னொன்று, தேர்தல். லண்டன் பரோக்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் தேர்தல் வரும். 2018, 2022, 2026 என்பது அந்த வரிசை. தேர்தலுக்கு முந்திய வாரங்களில் அதிகாரிகள் புதிய நிதி எதையும் அறிவிக்கமாட்டார்கள், கூட்டத்துக்கும் வரத் தயங்குவார்கள். அந்த வசந்தத்தில் முடியும் ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால், நீடிப்புக் கடிதத்தை முந்திய நத்தாருக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தேர்தல் முடிந்ததும் சுகாதாரப் பொறுப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். புதிய பொறுப்பாளரை ஜூனிலேயே குழு நடக்கும் அறைக்கு அழையுங்கள், படம் எடுக்காமல், ஒரு மணி நேரம், தேநீரோடு இருந்து கேட்க.